உலோகத்தை இறுக்கிப் பிடிக்கும் பிளாஸ்டிக், தானே விரிசல் விடுவது ஏன்? மின்வாகன உதிரிபாகங்களில் மறைந்திருக்கும் சவால்

புது டெல்லி: மின்சார ஸ்கூட்டரின் பேட்டரியிலிருந்து மோட்டாரை இயக்கும் கட்டுப்பாட்டுக் கருவிக்கு மின்னோட்டத்தைக் கொண்டு செல்லும் இணைப்பு முனையைக் கழற்றிப் பார்த்தால், செம்புத் தகடுகளைச் சுற்றிக் கெட்டியான பிளாஸ்டிக் இறுகப் படிந்திருப்பதைக் காணலாம். உள்ளங்கைக்குள் அடங்கும் அந்தப் பாகம் பழுதின்றி இருக்கும் வரை யாருடைய கவனத்துக்கும் வருவதில்லை. அதில் தலைமுடியின் பருமனுக்கு ஒரு விரிசல் விழுந்து, மழைநீர் உள்ளே கசியத் தொடங்கினால், வாகனம் நடுச்சாலையில் நின்றுபோவது முதல் மின்கசிவு வரை எதுவும் நேரலாம்.

அந்த விரிசல் பெரும்பாலும் சாலையில் உருவாவதில்லை. அதற்கான விதை தொழிற்சாலையில், பிளாஸ்டிக் உருகி உலோகத்தைச் சூழ்ந்த அந்தச் சில விநாடிகளிலேயே விழுந்துவிடுகிறது. உலோகமும் பிளாஸ்டிக்கும் வெப்பத்துக்கு ஒரே மாதிரி நடந்துகொள்வதில்லை என்பதே இதன் அடிப்படைக் காரணம். மின்வாகனம், மின்னணு, மருத்துவக் கருவி ஆகிய துறைகளில் உள்நாட்டு உற்பத்தியைப் பெருக்க இந்தியா முனைந்துள்ள நிலையில், இந்தத் தொழில்நுட்பம் எவ்வாறு இயங்குகிறது, எங்கே தவறுகிறது என்பதை இந்தக் கட்டுரை விளக்குகிறது.

'இன்சர்ட் மோல்டிங்' என்றால் என்ன?

பிளாஸ்டிக் மணிகளை உருக்கி, உயர் அழுத்தத்தில் எஃகு அச்சுக்குள் செலுத்தி, குளிரவைத்து வெளியே எடுப்பதே 'இன்ஜெக்‌ஷன் மோல்டிங்' எனப்படும் உட்செலுத்து வார்ப்பு முறை. வாளி, நாற்காலி, மின் சுவிட்சு என நாம் அன்றாடம் தொடும் பிளாஸ்டிக் பொருள்களில் பெரும்பகுதி இவ்வாறே உருவாகிறது. அமெரிக்காவைச் சேர்ந்த ஜான் வெஸ்லி ஹையாட்டும் அவருடைய சகோதரர் ஐசாயாவும் 1872ஆம் ஆண்டில் இதற்கான முதல் இயந்திரத்துக்குக் காப்புரிமை பெற்றனர். இன்று எங்கும் காணப்படும் திருகு வகை இயந்திரத்தை ஜேம்ஸ் வாட்சன் ஹென்ட்ரி 1946ஆம் ஆண்டில் உருவாக்கினார்.

இதே அச்சுக்குள், பிளாஸ்டிக்கைச் செலுத்துவதற்கு முன்பாக ஓர் உலோகத் துண்டை வைத்துவிட்டால், உருகிய பிளாஸ்டிக் அதைச் சூழ்ந்து இறுகி, இரண்டும் ஒரே பாகமாக வெளிவரும். இதுவே 'இன்சர்ட் மோல்டிங்'. உள்ளே வைக்கப்படும் உலோகத்தைத் தொழிற்சாலைகளில் 'இன்சர்ட்' என்றே அழைக்கின்றனர். அது திருகாணி பொருந்துவதற்கான பித்தளை மரையாக இருக்கலாம். மின்சாரம் பாயும் செம்புத் தகடாகவோ, எஃகுத் தண்டாகவோ, அலுமினியச் சட்டமாகவோ இருக்கலாம்.

உலோகம் மின்சாரத்தைக் கடத்தும், திருகின் இறுக்கத்தைத் தாங்கும். பிளாஸ்டிக் மின்காப்பு அளிக்கும், எடையைக் குறைக்கும், சிக்கலான வடிவத்தை ஒரே முறையில் தரும். இரண்டின் நன்மையும் ஒரே பாகத்தில் கிடைப்பதுடன், பின்னர் தனியாகப் பொருத்தும் வேலையும் மிச்சமாகிறது.

சாதாரண பிளாஸ்டிக் ஏன் போதாது?

மோட்டாருக்கும் பேட்டரிக்கும் அருகில் இருக்கும் பாகங்கள் தொடர்ந்து வெப்பத்தில் உழல்பவை. மின்னணு அட்டைகளில் பொருத்தப்படும் இணைப்பிகள், ஈயமற்ற பற்றாசு உருகும் உலைக்குள் சுமார் 260 டிகிரி செல்சியஸ் வரையிலான வெப்பத்தைச் சில விநாடிகளேனும் தாங்கியாக வேண்டும். வீட்டு உபயோகப் பொருள்களுக்குப் பயன்படும் ஏபிஎஸ் போன்ற பிளாஸ்டிக்குகள் 100 டிகிரியை ஒட்டியே இளகிவிடும். நைலான் வகைகள் அதைவிட அதிக வெப்பத்தைத் தாங்கினாலும், காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சி அளவில் மாறக்கூடியவை.

இந்த இடத்தை நிரப்புபவையே உயர் வெப்ப பிளாஸ்டிக்குகள். அவற்றில் மூன்று முக்கியமானவை. முதலாவது, பாலிபினிலின் சல்பைடு எனும் பிபிஎஸ். அமெரிக்காவின் பிலிப்ஸ் பெட்ரோலியம் நிறுவனம் 1970களின் தொடக்கத்தில் இதை வணிக அளவில் கொண்டுவந்தது. இது உருகுவது சுமார் 280 டிகிரியில். இரண்டாவது, ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனம் 1982ஆம் ஆண்டில் அறிமுகப்படுத்திய பாலிஈதர்இமைடு எனும் பிஇஐ. இது 217 டிகிரி வரை இளகாது. மூன்றாவது, பிரிட்டனின் ஐசிஐ நிறுவனம் 1978ஆம் ஆண்டில் உருவாக்கி, பின்னர் சந்தைக்குக் கொண்டுவந்த பாலிஈதர்ஈதர்கீட்டோன். 'பீக்' எனச் சுருக்கமாக அழைக்கப்படும் இது 343 டிகிரியில்தான் உருகும். விமான பாகங்கள், எண்ணெய்க் கிணற்றுக் கருவிகள், முதுகெலும்பு அறுவைச் சிகிச்சையில் பொருத்தப்படும் உள்வைப்புகள் ஆகியவற்றில் இதற்குத் தனி இடம் உண்டு.

உருகுவதற்கே இவ்வளவு வெப்பம் தேவைப்படும் பொருளை அச்சில் வார்ப்பதும் எளிதல்ல. பீக் வார்க்கப்படும்போது இயந்திரத்தின் பேரலில் 360 முதல் 400 டிகிரி வரை வெப்பம் இருக்கும். அச்சையும் 170 முதல் 200 டிகிரி வரை சூடாகவே வைத்திருக்க வேண்டும். இந்த வெப்பத்திலிருந்து அறை வெப்பத்துக்கு இறங்கும் பயணத்தில்தான் சிக்கல் தொடங்குகிறது.

ஒட்டுவதில்லை, இறுக்கிப் பிடிக்கிறது

பிளாஸ்டிக் உலோகத்தோடு பசைபோல ஒட்டிக்கொள்வதாகப் பலரும் எண்ணுகின்றனர். உண்மையில், வழவழப்பான உலோகப் பரப்பில் இந்த வகைப் பிளாஸ்டிக்குகள் ஒட்டுவது மிகக் குறைவு. பிடிப்பு வேறு விதத்தில் கிடைக்கிறது.

மாட்டு வண்டிச் சக்கரத்துக்குக் கொல்லர்கள் இரும்புப் பட்டை போடும் முறையை இங்கே நினைவுகூரலாம். சக்கரத்தைவிடச் சற்றே சிறியதாகச் செய்யப்பட்ட பட்டையை நெருப்பில் காய்ச்சினால் அது விரியும். மரச்சக்கரத்தின் மேல் அதை மாட்டித் தண்ணீர் ஊற்றினால், பட்டை சுருங்கிச் சக்கரத்தைக் கவ்விக்கொள்ளும். ஆணியே இல்லாவிட்டாலும் கழலாது. ஆனால் பட்டையின் அளவு தேவைக்கு மேல் சிறியதாகிவிட்டால், அதே சுருக்கம் சக்கரத்தின் ஆரக்கால்களை வளைத்துவிடும்.

இன்சர்ட் மோல்டிங்கிலும் நடப்பது இதுதான். வெளியே இருக்கும் பிளாஸ்டிக் குளிரும்போது சுருங்கி, உள்ளே இருக்கும் உலோகத்தைக் கவ்வுகிறது. வண்டிச் சக்கரத்தோடு ஒரு வேறுபாடு உண்டு. அங்கே வெளிப்பட்டை இரும்பு. உள்ளே இருக்கும் மரம்தான் வளைந்துகொடுக்கும். இங்கே உள்ளே இருப்பது உலோகம், அது வளைந்துகொடுக்காது. ஆகவே இழுவிசை முழுவதையும் வெளியே உள்ள பிளாஸ்டிக்கே சுமக்க வேண்டியுள்ளது. பிடிப்பைத் தருவது எதுவோ, விரிசலைத் தருவதும் அதுவே.

பிறக்கும்போதே கடன்: ஓர் எளிய கணக்கு

வெப்பம் ஒரு டிகிரி மாறும்போது ஒரு பொருள் எவ்வளவு நீள்கிறது அல்லது சுருங்குகிறது என்பதை வெப்ப விரிவுக் கெழு குறிக்கிறது. எஃகுக்கு இது பத்து லட்சத்தில் சுமார் 12 பங்கு. செம்புக்கு 17, பித்தளைக்கு 19, அலுமினியத்துக்கு 23. கலப்பில்லாத பீக் பிளாஸ்டிக்குக்கோ 143 டிகிரிக்குக் கீழே சுமார் 47. அதற்கு மேலே இருமடங்குக்கும் அதிகம்.

இந்த இடைவெளியைக் குறைக்கவே பிளாஸ்டிக்கில் 30 அல்லது 40 சதவீதம் கண்ணாடி இழை கலக்கப்படுகிறது. கண்ணாடி வெப்பத்துக்கு அதிகம் அசையாது என்பதால், இழைகள் படுத்திருக்கும் திசையில் பிளாஸ்டிக்கின் விரிவு ஏறத்தாழ உலோகத்தின் அளவுக்கே வந்துவிடும். ஆனால் இழைகள் பிளாஸ்டிக் பாய்ந்த திசையிலேயே வரிசைகொள்ளும். அதற்குக் குறுக்குத் திசையில் சுருக்கமும் விரிவும் கிட்டத்தட்ட இருமடங்காகவே நீடிக்கும்.

ஓர் எடுத்துக்காட்டு. 20 மில்லிமீட்டர் குறுக்களவு கொண்ட செம்பு இன்சர்ட்டின் மேல், 40 சதவீதம் கண்ணாடி இழை கலந்த பிபிஎஸ் வார்க்கப்படுவதாகக் கொள்வோம். அச்சின் வெப்பம் 140 டிகிரி. பாகம் 30 டிகிரிக்குக் குளிரும்போது செம்பு சுமார் 0.04 மில்லிமீட்டர் சுருங்கும். பிளாஸ்டிக்கின் குறுக்குத் திசைச் சுருக்கம் சுமார் 0.6 சதவீதம் எனில், அது 0.12 மில்லிமீட்டர் சுருங்க முயலும். உள்ளே இருக்கும் செம்பு அதற்கு இடம் கொடுக்காது. ஆக, 0.08 மில்லிமீட்டர் அளவுக்கு, அதாவது 0.4 சதவீதத்துக்கு, அந்தப் பிளாஸ்டிக் வளையம் நிரந்தரமாக இழுபட்ட நிலையிலேயே பிறக்கிறது.

தலைமுடியின் பருமனே உள்ள இந்த அளவு அற்பமாகத் தோன்றலாம். ஆனால் இந்த வகை பிபிஎஸ் 2 சதவீதம்கூட நீள்வதற்கு முன்பே முறிந்துவிடும் பொருள். அதாவது, ஒரு முறைகூட மின்சாரம் பாயாத நிலையில், ஒரு மேடு பள்ளத்தையும் சந்திக்காத நிலையில், தன் தாங்குதிறனில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் அது செலவழித்துவிட்டது. லடாக்கின் குளிர்காலத்தில் மைனஸ் 20 டிகிரியில் வாகனம் நிறுத்தப்பட்டால் இழுபடும் அளவு மேலும் 0.1 சதவீதம் கூடும்.

இந்தக் கடன் அப்படியே நிலைத்திருப்பதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். வெப்பத்தில் நாள்கணக்கில் இருக்கும்போது பிளாஸ்டிக் மெல்லத் தளர்ந்துகொடுக்கிறது. விரிசல் அபாயம் அதனால் ஓரளவு குறையும். ஆனால் பிடிப்பும் அதே அளவுக்குக் குறையும். மரை சுழலத் தொடங்கும், இடுக்கில் நீர் புகும். இறுக்கம் அதிகமானால் விரிசல், குறைந்தால் கசிவு என்ற இரண்டுக்கும் இடையிலான குறுகிய பாதையில்தான் வடிவமைப்பாளர் நடக்க வேண்டியுள்ளது.

விரிசல் எந்த இடத்தில் தொடங்கும்?

அச்சுக்குள் பாயும் பிளாஸ்டிக், ஆற்று நடுவே உள்ள பாறையைச் சுற்றி நீர் பிரிவதைப்போல, இன்சர்ட்டைச் சுற்றி இரண்டாகப் பிரிந்து மறுபுறம் ஒன்றுசேர்கிறது. ஒன்றுசேரும் அந்தக் கோடு 'வெல்ட் லைன்' எனப்படுகிறது. பிளாஸ்டிக் அங்கே இணைந்துவிட்டதுபோல் தோன்றினாலும், கண்ணாடி இழைகள் அந்தக் கோட்டைக் கடந்து மறுபுறம் செல்வதில்லை. ஆகவே இழை கலந்த பிளாஸ்டிக்குகளில் அந்தக் கோட்டின் வலிமை பாதிக்கும் கீழே இறங்குவது வழக்கம். முந்தைய கணக்கில் ஐந்தில் ஒரு பங்காக இருந்த செலவு, இந்த இடத்தில் பாதியை நெருங்கிவிடுகிறது. பிளாஸ்டிக்கைச் செலுத்தும் வாயில் எங்கே அமைகிறது என்பதைப் பொறுத்தே இந்தக் கோடு எங்கே விழும் என்பது முடிவாகும். எனவே, வாயிலின் இடத்தை மாற்றி, இந்தக் கோட்டை அழுத்தம் குறைந்த பகுதிக்குத் தள்ளுவது வடிவமைப்பின் முதல் வேலையாகக் கருதப்படுகிறது.

அடுத்த அபாயம் கூர்மையான விளிம்பு. தகட்டை வெட்டி எடுத்த செம்பு இன்சர்ட்டின் ஓரத்தில் பிசிறு இருக்கும். மூலைகள் கத்தி முனைபோல் இருக்கும். சுருங்கும் பிளாஸ்டிக்கின் இழுவிசை முழுவதும் அந்த முனையில் குவியும். மூலைகளை அரை மில்லிமீட்டர் அளவுக்கு உருட்டிவிட்டாலே பெருமளவு வேறுபாடு தெரியும். பிடிப்புக்காக இன்சர்ட்டின் மேல் சொரசொரப்பாக வெட்டப்படும் 'நர்லிங்' வரிகளுக்கும் இதே விதி பொருந்தும். வரிகள் ஆழமாகவும் கூராகவும் இருந்தால் பிடிப்பு கூடும். ஒவ்வொரு கூர்முனையும் விரிசலுக்கான தொடக்கப் புள்ளியாகவும் மாறும்.

மூன்றாவது, இன்சர்ட்டைச் சுற்றியுள்ள பிளாஸ்டிக் சுவரின் தடிமன். இடத்தை மிச்சப்படுத்த அதை மெலிதாக்கினால், அதே இழுவிசையைக் குறைந்த பொருள் தாங்க வேண்டிவரும். இன்சர்ட்டின் விட்டத்தில் குறைந்தது பாதியளவாவது சுவர் இருக்க வேண்டும் என்பது வடிவமைப்பாளர்களிடையே நிலவும் நடைமுறை விதி.

அச்சின் வெப்பம்: செலவைக் குறைக்கும் ஆபத்தான குறுக்குவழி

இந்தத் தொழிலில் அதிகம் மீறப்படும் விதி அச்சின் வெப்பம் சார்ந்தது. பிபிஎஸ்ஸும் பீக்கும் பகுதிப் படிகத்தன்மை கொண்டவை. உருகிய நிலையிலிருந்து மெதுவாகக் குளிர்ந்தால், அவற்றின் மூலக்கூறுச் சங்கிலிகள் ஒழுங்காக அடுக்கிப் படிகங்களாகும். உறுதி, வேதிப்பொருள்களைத் தாங்கும் திறன், அளவு மாறாத தன்மை ஆகியவை இந்தப் படிகங்களாலேயே கிடைக்கின்றன. அதற்காகத்தான் பிபிஎஸ் வார்க்கும் அச்சை 135 டிகிரிக்குக் குறையாமல் வைத்திருக்குமாறு பொருள் தயாரிப்பாளர்கள் வலியுறுத்துகின்றனர்.

ஆனால் சாதாரண நீர்ச் சூடேற்றிகள் 90 டிகிரியை ஒட்டிய அளவுக்கே பயன்படும். அதற்கு மேல் செல்ல, அழுத்தமேற்றிய நீர், எண்ணெய்ச் சூடேற்றி அல்லது அச்சுக்குள் பதிக்கப்படும் மின்சூடேற்றிகள் தேவை. இவற்றால் முதலீடு கூடும், மின்கட்டணம் கூடும், அச்சைக் கையாள்வதும் கடினமாகும். சூடு குறைந்த அச்சில் பாகம் விரைவில் இறுகிவிடுவதால், ஒரு ஷிப்ட்டில் கூடுதல் எண்ணிக்கையும் கிடைக்கும். எனவே அச்சின் வெப்பத்தைக் குறைத்துவிடும் சபலம் எப்போதும் உண்டு.

அவ்வாறு வார்க்கப்பட்ட பாகத்தை அன்றே அளந்து பார்த்தால் எல்லாம் சரியாக இருக்கும். ஆனால் அதன் மேல்தோலில் மூலக்கூறுகள் அடுக்கப்படாமல் உறைந்து கிடக்கும். பின்னர் வாகனத்துக்குள் 100 டிகிரிக்கு மேல் சூடேறும்போது, தொழிற்சாலையில் நடந்திருக்க வேண்டிய படிகமாதல் அங்கே நடக்கத் தொடங்கும். பாகம் மேலும் சுருங்கும். ஏற்கெனவே உலோகத்தைச் சுற்றி இழுபட்டிருக்கும் பிளாஸ்டிக், இந்த இரண்டாவது சுருக்கத்தையும் தாங்க வேண்டும். ஆய்வகத்தில் தேர்ச்சி பெற்ற பாகம், சில மாதங்களுக்குப் பிறகு களத்தில் விரிசல் விடுவதற்கு இது ஒரு முக்கியக் காரணமாகும்.

இயற்கை நிறப் பீக் பாகத்தில் இந்தக் குறையைக் கண்ணாலேயே கண்டுகொள்ளலாம். சரியாக வார்க்கப்பட்ட பாகம் ஒரே சீரான வெளிர் பழுப்பு நிறத்தில் இருக்கும். அச்சு குளிர்ந்திருந்தால் ஓரங்களிலும் மெல்லிய பகுதிகளிலும் காபி நிறத்தில் அடர்ந்த திட்டுகள் தெரியும். கறுப்பு நிறமி கலந்த பாகங்களிலோ இந்த எச்சரிக்கை கண்ணுக்குப் புலப்படாது.

இன்சர்ட்டைச் சூடாக்குவது ஏன்?

அச்சைச் சூடாக வைத்தால் மட்டும் போதாது. அறை வெப்பத்தில் இருக்கும் செம்புத் தகட்டை அதற்குள் வைத்தால், அதைத் தொட்ட கணத்திலேயே உருகிய பிளாஸ்டிக் உறைந்துவிடும். செம்பு வெப்பத்தை விரைந்து உறிஞ்சக்கூடியது என்பதால் இதன் விளைவு இன்னும் கடுமையாகும். உலோகத்தை ஒட்டிய அடுக்கு படிகமாகாமல் உறையும். வெல்ட் லைனில் இரு முனைகளும் முழுமையாகக் கலக்காது. உறைந்த அழுத்தம் உள்ளேயே தங்கிவிடும்.

இதைத் தவிர்க்க, இன்சர்ட்டுகள் அச்சின் வெப்பத்தை ஒட்டிய அளவுக்கு முன்கூட்டியே சூடாக்கப்பட வேண்டும். சிறிய இன்சர்ட்டுகளை அச்சுக்குள் வைத்துச் சில விநாடிகள் காத்திருந்தாலே அவை சூடேறிவிடும். பெரியவற்றை அடுப்பிலோ, மின்தூண்டல் முறையிலோ சூடாக்கி, ரோபோ கரத்தால் எடுத்து வைப்பது வழக்கம். உலோகமும் விரிந்த நிலையிலேயே பிளாஸ்டிக்கைச் சந்திப்பதால், இரண்டும் சேர்ந்தே சுருங்குகின்றன என்பது கூடுதல் பலன்.

தூய்மையும் அதே அளவுக்கு முக்கியம். தகடு வெட்டும் எந்திரத்தின் எண்ணெய்ப் படலம் இன்சர்ட்டில் எஞ்சியிருந்தால், உருகிய பிளாஸ்டிக் படும்போது அது ஆவியாகி இடைவெளியை உண்டாக்கும். பிளாஸ்டிக் மணிகளையும் உலர்த்தியாக வேண்டும். பீக் மணிகளை 150 டிகிரியில் சுமார் மூன்று மணி நேரம் உலர்த்தி, ஈரத்தை 0.02 சதவீதத்துக்குக் கீழே கொண்டுவருவது நடைமுறை.

இன்சர்ட்டின் அளவில் துல்லியம் தவறினாலும் இழப்பு பெரிது. தகடு சற்றே மெலிந்திருந்தால், நீர்போல் இளகி ஓடும் பிபிஎஸ் அந்த இடுக்கில் கசிந்து, மின்தொடர்பு ஏற்பட வேண்டிய பரப்பை மூடிவிடும். சற்றே தடித்திருந்தால், பல டன் விசையோடு மூடும் அச்சே நசுங்கும். எனவே மில்லிமீட்டரில் நூறில் ஓரிரு பங்கு அளவுக்குத் துல்லியம் கோரப்படுகிறது.

மழைநீரும் மின்கலமும்

விரிசல் இல்லாவிட்டாலும் கசிவு நேரலாம். சுருக்கத்தால் கிடைக்கும் பிடிப்பு, இழுத்தால் வராத அளவுக்கு உறுதியானதே தவிர, நீர் புகாத அளவுக்கு முழுமையானதல்ல. பெட்டியின் சுவரைத் துளைத்து வெளியே வரும் செம்பு முனையை ஒட்டி மிக நுண்ணிய இடைவெளி இருந்தால், திரியில் எண்ணெய் ஏறுவதைப்போல நீர் அதன் வழியே உள்ளே ஏறும். தினமும் அலுவலகம் சென்று திரும்பும் ஒரு ஸ்கூட்டர், நாளொன்றுக்கு இரு முறை சூடாகிக் குளிர்கிறது எனக் கொண்டால், ஆண்டுக்கு 700 முறைக்கு மேல் இந்த இடைவெளி விரிந்து சுருங்குகிறது. சூடாகும்போது உள்ளிருக்கும் காற்று வெளியேறும்; குளிரும்போது வெளியிலுள்ள ஈரத்தோடு உள்ளே இழுக்கப்படும்.

இதற்குப் பல தீர்வுகள் நடைமுறையில் உள்ளன. இன்சர்ட்டைச் சுற்றிப் பல வளையப் பள்ளங்களை வெட்டி நீரின் பாதையை நீளமாக்குவது ஒன்று. முனையைச் சுற்றி ரப்பர் வளையமோ, பிசின் நிரப்பலோ சேர்ப்பது மற்றொன்று. உலோகப் பரப்பை லேசர் ஒளியாலோ, வேதிக் கரைசலாலோ நுண்துளைகள் கொண்டதாக மாற்றுவது அண்மைக்கால முறை. ஜப்பானின் தைசே பிளாஸ் நிறுவனம் உருவாக்கிய 'நானோ மோல்டிங்' நுட்பத்தில், வேதிப் பதனத்தால் அலுமினியத்தில் ஏற்படும் மிக நுண்ணிய குழிகளுக்குள் பிபிஎஸ் போன்ற பிளாஸ்டிக் நுழைந்து இறுகுகிறது. அலுமினிய உடல் கொண்ட கைபேசிகளில் ஆன்டெனாவுக்காக விடப்படும் பிளாஸ்டிக் பட்டைகளை உலோகத்தோடு இணைக்க இத்தகைய நுட்பம் பயன்பட்டது குறிப்பிடத்தக்கது.

விதிமுறைகள் கூறுவது என்ன?

நாட்டின் பல பகுதிகளில் 2022ஆம் ஆண்டு மின்சார இருசக்கர வாகனங்கள் தீப்பற்றிய சம்பவங்களைத் தொடர்ந்து, மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் நிபுணர் குழு ஒன்றை அமைத்தது. அதன் பரிந்துரைகளின் அடிப்படையில், இருசக்கர, மூன்றுசக்கர மின்வாகனங்களுக்கான ஏஐஎஸ்-156 தரநிலை திருத்தப்பட்டு, 2022 டிசம்பர் 1 முதல் ஒரு கட்டமாகவும், 2023 மார்ச் 31 முதல் மறு கட்டமாகவும் நடைமுறைக்கு வந்தது. மின்கலங்கள், பேட்டரி மேலாண்மை அமைப்பு ஆகியவற்றின் பாதுகாப்பே இந்தத் திருத்தத்தின் மையம். வார்ப்புப் பாகங்களைத் தனியே அது குறிவைக்கவில்லை.

இருப்பினும், அதன் சோதனைகள் இந்தப் பாகங்களையும் மறைமுகமாகச் சோதிக்கின்றன. இந்தத் தரநிலைக்கு அடிப்படையாக அமைந்த ஐ.நா. விதிமுறை எண் 136, பேட்டரித் தொகுப்பை 60 டிகிரியில் ஆறு மணி நேரமும், மைனஸ் 40 டிகிரியில் ஆறு மணி நேரமும் மாறி மாறி வைத்து, குறைந்தது ஐந்து சுழற்சிகள் சோதிக்கக் கோருகிறது. ஐபிஎக்ஸ்7 எனப்படும் நீர்ப்புகாச் சோதனையில், பொருள் ஒரு மீட்டர் ஆழ நீரில் அரை மணி நேரம் மூழ்கவைக்கப்படும்.

ஆனால் ஐந்து சுழற்சிகளில் தெரியாத குறை ஐநூறு சுழற்சிகளில் தெரியலாம். அதனால்தான் வாகன நிறுவனங்கள் தங்கள் உதிரிபாகங்களுக்கு இன்னும் அகன்ற வெப்ப வரம்பில், நூற்றுக்கணக்கான சுழற்சிகளைத் தனியாக வகுத்துக்கொள்கின்றன. காற்றழுத்தக் கசிவுச் சோதனை, எக்ஸ்-ரே, பாகத்தைக் குறுக்கே அறுத்து நுண்ணோக்கியில் பார்ப்பது, படிகத்தன்மையை அளப்பது ஆகியவையும் அவற்றில் அடங்கும். வார்த்த பாகங்களை அடுப்பில் பல மணி நேரம் வைத்து மெதுவாகக் குளிர்வித்து, உள்ளழுத்தத்தைத் தணிப்பதும் வழக்கம்.

இந்தியாவின் நிலை

உள்நாட்டு மூலப்பொருளைப் பொறுத்தவரை, பீக் பிளாஸ்டிக்கைத் தயாரிக்கும் சில நாடுகளில் இந்தியாவும் ஒன்று. இந்தியாவின் கார்டா கெமிக்கல்ஸ் நிறுவனம் வளர்த்தெடுத்த பாலிமர் பிரிவை, பெல்ஜியத்தின் சால்வே குழுமம் 2005ஆம் ஆண்டின் இறுதியில் வாங்கியது. குஜராத்தின் பனோலியில் பீக் தயாரிப்பு தொடர்ந்து நடைபெற்று வருகிறது.

பயிற்சியைப் பொறுத்தவரை, 1968ஆம் ஆண்டில் தொடங்கப்பட்டு, சென்னை கிண்டியைத் தலைமையிடமாகக் கொண்டு இயங்கும் மத்திய அரசின் சிப்பெட் நிறுவனம், நாடெங்கும் உள்ள தன் மையங்களில் அச்சு வடிவமைப்பு, பிளாஸ்டிக் வார்ப்பு ஆகியவற்றில் பட்டயப் படிப்புகளையும் சோதனை வசதிகளையும் வழங்கி வருகிறது. வாகனத் துறைக்கான 25,938 கோடி ரூபாய் மதிப்பிலான உற்பத்தி சார்ந்த ஊக்கத்தொகைத் திட்டத்துக்கு மத்திய அமைச்சரவை 2021 செப்டம்பரில் ஒப்புதல் அளித்தது. மின்னணு உதிரிபாக உற்பத்திக்கான 22,919 கோடி ரூபாய் திட்டத்துக்கு 2025 மார்ச்சில் ஒப்புதல் கிடைத்தது.

திட்டங்களின் தொகை பெரிதாயினும், ஓர் இணைப்பியின் தரம் கடைசியில் முடிவாவது மானேசரிலோ, புணேயிலோ, ஓசூரிலோ உள்ள ஒரு வார்ப்புக் கூடத்தில், இயந்திரத்தின் முன் நிற்கும் தொழிலாளியின் கையில்தான். 150 டிகிரிக்கு மேல் சூடான அச்சுக்குள், ஒவ்வொரு சுற்றுக்கும் இன்சர்ட்டை வைப்பது அவருடைய வேலை. வெப்பம் தாங்கும் கையுறை, முகக்கவசம், புகையை வெளியேற்றும் வசதி ஆகியவை இல்லாத இடத்தில், அச்சின் வெப்பத்தை உரிய அளவில் பேணுமாறு அவரிடம் எதிர்பார்ப்பது இயலாத காரியம். பேரலில் முந்தைய வேலையின் பிவிசி, அசிட்டால் போன்ற பிளாஸ்டிக் மிச்சமிருந்து, அது 350 டிகிரிக்கு மேல் சூடேறினால், சிதைந்து நச்சு வாயுவை வெளியிடும் அபாயமும் உண்டு. தொழிலாளியின் பாதுகாப்பும் பாகத்தின் தரமும் இங்கே ஒன்றையொன்று சார்ந்தவை.

பாகம் வாங்கும் நிறுவனங்களுக்கும் இதில் பொறுப்பு உண்டு. விலையை மட்டும் பேரம் பேசி, அச்சு எந்த வெப்பத்தில் இயங்கியது, இன்சர்ட் முன்கூட்டியே சூடாக்கப்பட்டதா, வெல்ட் லைன் எங்கே விழுகிறது ஆகிய மூன்று கேள்விகளைக் கேட்காமல் விட்டால், குறைக்கப்பட்ட விலையை மீண்டும் செலுத்துபவர் வாகனத்தை வாங்கியவராகவே இருப்பார். பளபளக்கும் பிளாஸ்டிக்கின் மேற்பரப்பு இந்த மூன்றில் எதையும் காட்டிக்கொடுக்காது. அச்சின் வெப்பப் பதிவேடும், அறுத்துப் பார்க்கப்பட்ட ஒரு மாதிரியும்தான் அதைச் சொல்லும்.